மலிவுக் கப்பலா, வசதிக் கப்பலா? கிளிநொச்சியிலிருந்து கேட்ட தங்கைக்கு

கிளிநொச்சியில் ஆசிரியையாக இருக்கும் ஒரு தங்கை கேட்டது இது:

“அண்ணா, நானும் கனடாவில இருக்கிற என்ர தமையனும் வாற ஓகஸ்ட் விடுமுறைக்கு மாலைதீவுக்குப் போய் ஒரு கிழமை கப்பலிலயே தங்கிச் சுழியோடலாம் எண்டு இருக்கிறம். நான் திருகோணமலையில சுழியோட்டப் படிப்பு அட்வான்ஸ்ட் வரைக்கும் முடிச்சிட்டன், 31 தரம் இறங்கியிருக்கிறன். அண்ணாவுக்கு 46 வயது, 60 தரம் இறங்கினவர். ஆனா ரெண்டு வருசமா தண்ணிக்குள்ள போகேல்லை, கப்பல் ஆட்டமும் அவருக்கு ஒத்துவராது. பார்த்து வைச்சதில ஒண்டு ஆளுக்கு 1,150 டொலர், மற்றது 2,300. சொகுசுக்காக ரெண்டு மடங்கு குடுக்கிறது சரியோ? அம்மா எதுக்கும் போக வேண்டாம் எண்டு நிக்கிறா.”

தங்கச்சி, நான் அளம்பில் கரையில் வளர்ந்தவன். பதினொரு வருடமாக மாலைதீவுக் கப்பல்களில் சுழியோட்ட வழிகாட்டியாக இருக்கிறேன். முதல் நாலு வருடம் மலிவுக் கப்பல்களில், பிறகு விலை கூடினவற்றில். இரண்டிலும் நல்லதும் கண்டேன், கூடாததும் கண்டேன்.

நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசில் ஒரு பகுதி உங்கள் நித்திரைக்கும், தண்ணீருக்குள் நீங்கள் மூச்செடுக்கும் காற்றுக்கும், பக்கத்தில் நீந்தி வரும் வழிகாட்டிக்கும் போகிறது. அந்தப் பகுதியைத் தயங்காமல் கொடுங்கள். மிச்சம் மரவேலைப்பாட்டுக்கும் மேல்தட்டில் இருக்கும் வெந்நீர்த் தொட்டிக்கும் போகிறது. அது உங்களுக்குத் தேவையில்லை. உயிர்ப் பாதுகாப்பு மட்டும் எந்த விலையோடும் தானாக வருவதில்லை. அதை நீங்களே கேட்டுத்தான் அறிய வேண்டும். அதைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் முக்கியம்.

முதலில் கணக்கு. நீங்கள் அனுப்பிய இரண்டு விலைப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மலிவுக் கப்பலின் 1,150 வரி சேராத விலை. மாலைதீவில் சுற்றுலாவுக்கான பொருட்சேவை வரி 2025 ஜூலையிலிருந்து 17 வீதம். அதோடு பசுமை வரி, கப்பலில் தங்கும் வெளிநாட்டவருக்கு நாளுக்கு 12 டொலர், ஏழு இரவுக்கு 84. நைட்ரொக்ஸுக்கு (ஒட்சிசன் கூட்டின காற்று) 120, சுழியோட்டச் சாமான் வாடகை 210, விமான நிலையத்திலிருந்து கப்பலுக்கு ஏற்றிப் போக 40. எல்லாம் கூட்டினால் 1,800 வருகிறது. மற்றக் கப்பலின் 2,300 இல் வரியும் நைட்ரொக்ஸும் ஏற்றிப் போவதும் அடக்கம். வாடகையும் பசுமை வரியும் சேர்த்தால் 2,594. ஆக, இரண்டு மடங்கு என்று நீங்கள் நினைத்தது உண்மையில் 800 டொலர் அளவு வித்தியாசம்தான். இரண்டு கப்பலும் 17 இறக்கம் தருவதாக எழுதியிருக்கின்றன. ஓர் இறக்கத்துக்கு 47 டொலர் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு, அந்த 47 டொலருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். (மாலேயிலிருந்து திரும்பும்போது சாதாரண வகுப்புப் பயணிக்கு 50 டொலர் புறப்பாட்டு வரி உண்டு. பெரும்பாலும் ரிக்கற்றுக்குள்ளேயே சேர்ந்து வந்துவிடும். பணியாட்களுக்குக் கடைசி நாளில் கொடுக்கும் சந்தோசக் காசையும் மறக்க வேண்டாம்.)

கப்பல் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் நித்திரையின் பெறுமதி தெரியும். விடிய ஆறு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். தேத்தண்ணி, விளக்கம், முதல் இறக்கம். சாப்பாடு. பதினொரு மணிபோல் இரண்டாவது. மத்தியானச் சாப்பாடு, கொஞ்ச நேரம் சரிந்து படுப்பது, பின்னேரம் மூன்றாவது. சில நாள் இரவில் நாலாவது. மாலைதீவில் பெரிய கப்பலிலிருந்து நேரே குதிப்பதில்லை. சிலிண்டரும் அதற்குக் காற்றடைக்கும் கொம்பிரசரும் இன்னொரு சிறிய படகில் இருக்கும், அதில் ஏறிப் போய்த்தான் இறங்க வேண்டும். அந்தப் படகை அவர்களும் தோணி என்றுதான் சொல்கிறார்கள். முதல் தரம் அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு வீட்டு முற்றத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

ஒவ்வொரு இறக்கத்திலும் உடம்பில் கொஞ்சம் நைதரசன் கரைந்து தங்குகிறது. மேலே இருக்கும் நேரத்தில் அது மெல்ல வெளியேறும், ஆனால் முழுதாக வெளியேற முன்னமே அடுத்த இறக்கம் வந்துவிடும். மூன்றாம் நாள், நாலாம் நாள் ஆகும்போது களைப்பு எலும்பில் இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் கீழ்த்தட்டில், எஞ்சின் அறைக்குப் பக்கத்துச் சுவரில் தலை வைத்து, டீசல் மணத்தோடு, நடுச்சாமத்தில் ஏசி நின்றுபோன அறையில் படுத்து எழும்புகிறவர் காலையில் நீரோட்டத்துக்குள் இறங்கினால், கையில் இருக்கும் அளவுமானியைப் பார்க்கவும் பிந்திப் போவார். நான் பார்த்த சிக்கல்களில் அரைவாசிக்கு மேல் கிழமையின் பின்பாதியில், நித்திரை குறைந்தவர்களுக்கு வந்தவை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு எங்கள் கரையில்தான் காரணம் இருக்கிறது. என் தாய்மாமன் கடலட்டை பிடிக்கச் சுழியோடப் போனவர். போர் முடிந்து கடல் திறந்த வருடங்களில் நல்ல காசு வந்த தொழில் அது. ஒரு நாளைக்கு நாலு, ஐந்து சிலிண்டர், 25 மீற்றருக்கு மேல், எவ்வளவு நேரம் கீழே நிற்கலாம் என்று காட்டும் கணிப்பான் கையில் கிடையாது, நேரம் பார்ப்பது சிலிண்டர் காலியாவதை வைத்து. ஒரு மத்தியானம் வள்ளத்தில் ஏறினவருக்கு இடுப்புக்குக் கீழே விறைத்துப் போனது. கரைக்கு வந்து, வாகனம் பிடித்து, இதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும்போது அடுத்த நாள். இன்றைக்கும் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறார். முல்லைத்தீவிலும் மன்னாரிலும் இப்படி நடக்கிறவர்கள் ஒன்றிரண்டு பேர் அல்ல. உல்லாசமாகப் போகிறவர்களும் அட்டைக்குப் போகிறவர்களும் வேறு வேறு ஆட்கள்தான். கரைந்த நைதரசன் இரத்தத்தில் குமிழியாவதற்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஆகவே நைட்ரொக்ஸ். சாதாரணக் காற்றில் ஒட்சிசன் 21 வீதம். கப்பல்களில் கிடைக்கும் நைட்ரொக்ஸில் 32 வீதம், அந்தளவுக்கு நைதரசன் குறைவு. 30 மீற்றரில் முதல் இறக்கத்துக்குப் பாடி (PADI) என்ற சுழியோட்டப் பயிற்சி அமைப்பின் அட்டவணை காற்றோடு தருவது 20 நிமிடம், 32 வீத நைட்ரொக்ஸோடு 30 நிமிடம். மாலைதீவுச் சட்டம் உல்லாசச் சுழியோடிகளை 30 மீற்றருக்குக் கீழே விடுவதில்லை. 32 வீதக் கலவைக்குரிய ஆழ எல்லையும் 33 மீற்றர் அளவில்தான் வருகிறது. அதனால் அந்தக் கடலுக்கு இது அளந்து தைத்த சட்டை மாதிரி. ஒரு நாள் படிப்பு, திருகோணமலையிலேயே முடிக்கலாம். உங்கள் அண்ணாவுக்கு 46 வயது என்கிறீர்கள், அவருக்கு நைட்ரொக்ஸ் கட்டாயம் என்பேன். ஆனால் கணிப்பானில் காற்று எல்லையை வைத்தபடி நைட்ரொக்ஸை மூச்செடுத்தால் இன்னும் நல்லது. நேரம் நீளாது, உடம்புக்குப் பாரம் குறையும்.

அண்ணாவுக்காக இன்னொன்று கேளுங்கள்: 15 லீற்றர் சிலிண்டர் இருக்கிறதா? வழமையாகத் தருவது 12 லீற்றர். 200 பார் அழுத்தத்தில் 12 லீற்றருக்குள் 2,400 லீற்றர் காற்று, 15 இல் 3,000. இரண்டு வருடம் இறங்காத, கொஞ்சம் உடம்பான ஆள் முதல் இரண்டு நாள் காற்றை இழுத்துத் தள்ளுவார். அவர் முடிக்கும்போது நீங்களும் சேர்ந்து ஏற வேண்டும். பெரிய சிலிண்டர் உங்கள் இருவருக்கும் பத்து நிமிடம் கூட்டித் தரும். மலிவுக் கப்பல்களில் இது பல தரம் இருக்காது.

காற்றின் சுத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். என்னுடைய இரண்டாவது வருடத்தில், பெயர் சொல்லாத ஒரு கப்பலில், கொம்பிரசரின் உறிஞ்சு குழாய் எஞ்சின் புகைபோக்கிக்குக் காற்றடிக்கும் பக்கத்தில் இருந்தது. சிலிண்டரைத் திறந்து முகர்ந்தபோது எண்ணெய் மணந்தது. அன்றைக்கு நான் என் ஆட்களை இறக்கவில்லை, அதற்காக ஏச்சும் வாங்கினேன். மணக்கிற எண்ணெயைவிட அதோடு சேர்ந்து வரக்கூடிய மணமில்லாத காபன் மொனொக்சைட்தான் ஆபத்து. 20 மீற்றரில் அழுத்தம் மூன்று மடங்கு, அந்த நஞ்சும் உடம்பில் மூன்று மடங்காக வேலை செய்யும். வடிகட்டியைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள், காற்றைப் பரிசோதித்த தாள் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஒழுங்காக நடத்துகிறவர்கள் அந்தக் கேள்விக்குச் சந்தோசப்படுவார்கள்.

வழிகாட்டி எத்தனை பேர்? உங்கள் பட்டியலில் மலிவுக் கப்பலில் 24 பேருக்கு மூன்று வழிகாட்டிகள், மற்றதில் 18 பேருக்கு நாலு பேர். எட்டுப் பேரை ஒருவர் கூட்டிப் போவதற்கும் நாலைந்து பேரைக் கூட்டிப் போவதற்கும் இடையில் பெரிய தூரம் உண்டு. மாலைதீவில் சிறந்த இடங்கள் வாய்க்கால்கள். உள்கடலுக்கும் வெளிக்கடலுக்கும் இடையில் தண்ணீர் அடித்துக்கொண்டு ஓடும் வாசல்கள் அவை. சுறாவும் திருக்கையும் அங்கேதான் நிற்கும். பவளப் பாரின் விளிம்பைப் பிடித்து நிற்க வேண்டும். எட்டாவது ஆள் பிடி விட்டுப் போனால் முன்னால் போகிற வழிகாட்டிக்குத் தெரிய நேரமெடுக்கும். மன்னாரில் அந்தக் காலத்து முத்துக்குளிப்பில் கல்லோடு கீழே போகிறவனின் உயிர் மேலே கயிறு பிடிக்கிறவன் கையில் இருந்தது. இங்கே கயிறு இல்லை. வழிகாட்டியின் கண்ணும், குமிழியைப் பார்த்துக்கொண்டு தோணியை ஓட்டுகிறவரின் கண்ணும்தான். 47 டொலரில் நான் மனமொப்பிக் கொடுப்பது இதற்குத்தான்.

இனி, பாதுகாப்பு. அம்மாவின் பயத்துக்கு உண்மையான காரணங்கள் உண்டு, அவவைச் சும்மா பயப்படுகிறா என்று ஒதுக்க வேண்டாம். 2019 செப்ரெம்பர் 2 ஆம் திகதி விடியற்புறம் கலிபோர்னியாவில் சான்ரா குரூஸ் தீவுக்குப் பக்கத்தில் நங்கூரமிட்டிருந்த கொன்செப்ஷன் என்ற சுழியோட்டக் கப்பல் எரிந்தது. கீழ்த்தட்டில் படுத்திருந்த 34 பேரும் இறந்தார்கள். அந்த அறைக்குப் படிக்கட்டு ஒன்று, அவசர வழி ஒன்று என இரண்டு வழி இருந்தும், இரண்டுமே எரிந்துகொண்டிருந்த ஒரே கூடத்துக்குள்தான் ஏறின. இரவில் சுற்றி வந்து பார்க்கும் காவல் ஆளும் இல்லை. கப்பல் தலைவருக்கு அதற்காகத்தான் பிறகு தண்டனை கிடைத்தது. 2024 நவம்பர் 25 இல் எகிப்தின் செங்கடலில் ஸீ ஸ்டோரி கவிழ்ந்தது. அது ஓட்டை விழுந்த பழைய கப்பல் இல்லை. 2022 இல் கட்டப்பட்டது, சொகுசுக் கப்பல் என்று விற்கப்பட்டது. அறைகளுக்குள் அகப்பட்டவர்களில் ஐந்து பேரை ஒரு நாளுக்கு மேல் கழித்து உயிரோடு எடுத்தார்கள்.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு இரண்டு கப்பலுக்கும் எழுத்தில் கேளுங்கள். இரவு முழுக்க விழித்திருந்து சுற்றிப் பார்க்க ஆள் இருக்கிறதா. என் அறையிலிருந்து இரண்டாவது வழி எங்கே போய் ஏறுகிறது. கப்பல் புறப்பட முன்னம் உயிர்காப்பு அங்கி போட்டு எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டிப் பயிற்சி காட்டுகிறீர்களா. அவசரத்துக்கு ஒட்சிசன் எத்தனை மணித்தியாலத்துக்கு இருக்கிறது. தண்ணீருக்கு மேலே ஆளைக் காட்டும் மிதவைக் குழாய் ஆளுக்கு ஒன்று தருகிறீர்களா. கமராவும் விளக்கும் எங்கே, யார் பார்த்துக்கொண்டிருக்கும்போது மின்னேற்றுவது. கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். லிதியம் பற்றரிகளை அறைக்குள் குத்திவிட்டுப் படுக்கிற பழக்கம் ஒரு கப்பலையே கொண்டுபோய்விடும். இந்தக் கேள்விகளுக்கு 1,150 டொலர்க் கப்பல் சரியான பதில் தந்து, 2,300 டொலர்க் கப்பல் அழகான படங்களை மட்டும் அனுப்பினால், மலிவானதில் போங்கள். நான் அப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கப்பலில் ஏறிய முதல் பின்னேரமே, படுக்கையிலிருந்து வெளித்தட்டு வரைக்கும் ஒரு தரம் நடந்து பாருங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, கையால் தடவிக்கொண்டு இன்னொரு தரம்.

காப்புறுதி எடுக்காமல் போக வேண்டாம். சுழியோட்டத்துக்கென்றே உள்ள காப்புறுதியைச் சொல்கிறேன். சாதாரணப் பயணக் காப்புறுதி பலவற்றில் இது சேராது. மாலேக்குக் கிட்ட பண்டோஸ் தீவில் அழுத்த அறை இருக்கிறது, ஆனால் தூர அற்றோலிலிருந்து (பவளத் தீவுக் கூட்டத்திலிருந்து) அங்கே கொண்டுபோகும் செலவும் சிகிச்சைச் செலவும் ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளும். கடைசி இறக்கத்துக்கும் விமானத்துக்கும் இடையில் குறைந்தது 18 மணித்தியாலம், நான் 24 என்பேன். கொழும்புக்கு ஒன்றரை மணித்தியாலப் பறப்புத்தானே என்று குறைக்கக் கூடாது, விமானம் ஏறும் உயரம் ஒன்றுதான், உடம்பில் மிஞ்சிய நைதரசன் அங்கே குமிழியாகலாம்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மலிவுக் கப்பலில் சோறும் மீன்கறியும், காலையில் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் மிளகாயும் சேர்த்துப் பிசைந்த சூரை மீனும் ரொட்டியும். எங்கள் சம்பலுக்கு இடிக்கிற மாசி அந்த ஊர்ச் சாமான். விலை கூடின கப்பலில் ஐரோப்பியச் சாப்பாடு கூட வரும். உங்களுக்கு மலிவுக் கப்பல் குசினிதான் பிடிக்கும்.

ஓகஸ்ட் என்பதை நீங்கள் தற்செயலாகச் சொன்னாலும் அதில் பெரிய நன்மை இருக்கிறது. மாலைதீவில் தை முதல் சித்திரை வரைக்கும் கடல் தெளிந்து, விலை ஏறிக் கிடக்கும். எங்களுக்குத் தென்மேற்குச் சோழகம் அடிக்கும் மாதங்களில் அங்கே மழையும் கலங்கலும், விலையோ இறங்கும். அந்தக் கலங்கலே மிதவையுயிர்கள்தான். அதைத் தின்ன ஆனைத்திருக்கைகள் கூட்டமாக வரும். பா அற்றோலின் ஹனிஃபாரு வளைகுடாவில் சிலிண்டரோடு இறங்க விடமாட்டார்கள், மேலே மிதந்து மட்டும் பார்க்கலாம். பார்த்தால் மறக்கமாட்டீர்கள். ஆகவே முதலில் செய்ய வேண்டியது, அந்த 2,300 ஓகஸ்ட் விலைதானா, அல்லது வருட ஆரம்பத்து விலையா என்று கேட்பது. வசதிக் கப்பலைக் குறைந்த பருவத்தில் பிடிப்பதுதான் என் கணக்கில் நல்ல பேரம்.

ஆனால் அதே பருவத்தில் அற்றோலுக்கு அற்றோல் கடக்கும்போது கப்பல் உருளும். உங்கள் அண்ணாவுக்கு அது பொறுக்காது. மேல்தட்டு அறை பார்வைக்கு நல்லது, காற்றும் வரும், ஆனால் அங்கேதான் ஆட்டம் கூட. நடுக்கப்பலில், தாழ்ந்த தட்டில் ஆட்டம் குறைவு. அந்த அறையில் இரண்டாவது வழி சரியாக இருந்தால் அதை எடுங்கள். அணியத்துக்கு (கப்பலின் முன்பக்கத்துக்கு) ஒட்டின அறையை எந்த விலைக்கும் எடுக்க வேண்டாம். சத்திக்குக் குளிசை எடுப்பதென்றால் கனடாவிலேயே வைத்தியரிடம் கேட்டு, கரையில் ஒரு நாள் போட்டுப் பார்த்து, நித்திரை தூக்குகிறதா என்று தெரிந்துகொண்டு வரச் சொல்லுங்கள்.

உங்களுடைய 31 இறக்கத்துக்கு மாலே, வாவு, ஆரி அற்றோல்களைச் சுற்றும் நடுப்பாதை பொருந்தும், அதோடு பா அற்றோல் சேர்ந்தால் நல்லது. தூரத் தெற்குப் பாதைக்குப் பல கப்பல்கள் 50 இறக்கமாவது கேட்கும். அதைக் கேட்காமல் ஏற்றுகிற கப்பலை நான் நம்பமாட்டேன்.

அம்மாவுக்கு என்ன சொல்வது? 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் எத்தனையோ தாய்மார் பிள்ளைகள் கடலில் கால் நனைப்பதைக்கூடப் பார்க்கமாட்டார்கள். என் அம்மாவும் அப்படித்தான். நான் முதன்முதல் மாலைதீவுக்குப் போனபோது அவ மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு தரம் ஊருக்குப் போன நேரம் சாமான் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். இது மூச்சுக்கு, இது பழுதானால் இன்னொன்று இருக்கு, இது எவ்வளவு நேரம் நிற்கலாம் எண்டு சொல்லும், இது மேல வந்தால் ஆளைக் காட்டும். தம்பி ரெண்டு மூச்சுக்குழாய் வைச்சிருக்கிறானா என்று மாமாவைப் பார்த்துக் கேட்டா. மாமா தலையை மட்டும் ஆட்டினார். அவருக்கு அந்த வள்ளத்தில் ஒன்றுதான் இருந்தது. நீங்களும் சாமானைக் காட்டுங்கள். வார்த்தையால் சமாதானம் சொல்வதைவிட அது மேல்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் வசதிக் கப்பலுக்கு ஓகஸ்ட் விலை கேட்பேன். 2,000 க்குக் கீழே வந்தால் யோசிக்கமாட்டேன். வராவிட்டால் மலிவுக் கப்பலில் நைட்ரொக்ஸோடு போய், மிச்சக் காசில் ஆளுக்கொரு கணிப்பான் சொந்தமாக வாங்குவேன், நாலாம் நாள் பின்னேர இறக்கத்தை விட்டுவிட்டு நித்திரை கொள்வேன். கட்டிய காசுக்கு எல்லா இறக்கமும் இறங்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

எது என்றாலும், அண்ணாவை ஒரு கிழமை முன்னதாக வரச் சொல்லுங்கள். சோழக மாதங்களில் திருகோணமலைக் கடல் அமைதியாகத்தான் இருக்கும். இரண்டு நாள், நாலு இறக்கம், 12 மீற்றருக்குள். முகமூடியைக் கழற்றித் தண்ணீர் வெளியேற்றுவது, மற்றவரின் மாற்றுக் குழாயில் மூச்செடுப்பது, ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் அசையாமல் நிற்பது, மிதவைக் குழாயைக் கீழேயிருந்து விடுவது. அவர் இதையெல்லாம் பதறாமல் செய்கிறாரா என்று நீங்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள். கப்பல்காரரின் பதில்கள் வந்ததும், தட்டு வரைபடத்தையும் சேர்த்து எனக்கு அனுப்பிவிடுங்கள், அறை இலக்கத்தை நான் பார்த்துச் சொல்கிறேன்.